சுற்றளவு

கணிதத்தில் சுற்றளவு என்பது ஒரு தளத்தில் அமைந்த மூடிய வடிவத்தின் எல்லைக்கோட்டினது மொத்த நீளம் ஆகும். ஒரு வயலின் வரப்பின் மேல் ஓரிடத்தில் நடக்கத் தொடங்கி, வரப்பை விட்டு விலகாமல் நடந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தால், நடந்த தொலைவே அவ்வயலின் சுற்றளவு. வரப்பிற்குள் அடங்கிய நிலத்தின் அளவு பரப்பளவு எனப்படும். இவ்விரண்டும் வெவ்வேறு என்பது எளிதாகத் தோன்றினாலும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மதிப்பிட்டு ஏமாந்தவர்கள் வரலாற்றில் பலர். அவர்களைப் பற்றிக் கீழே காண்க.

சுற்றளவு ஒரு நீளம். எனவே அது மீட்டர், அடி, கிலோமீட்டர் போன்ற நீள அலகுகளிலேயே குறிக்கப்படும்; சதுர மீட்டரில் குறிப்பது தவறு. வட்டத்தின் சுற்றளவைப் பரிதி என்றும் வழங்குவர். சுற்று, அளவு என்னும் இரு சொற்களும் சேர்ந்து பிறந்த இத்தமிழ்ச் சொல்லைப் போலவே, மேலை மொழிகளில் வழங்கும் சொல்லும் 'சுற்றி' எனப் பொருள்படும் 'பெரி', 'அளவு' எனப் பொருள்படும் 'மெட்ரோன்' என்னும் கிரேக்கச் சொற்களிலிருந்து உருவானது.

நேர்கோட்டுப் பக்கங்கள் கொண்ட வடிவங்கள்

பக்கங்கள் எல்லாம் நேர்கோடுகளாக உள்ள வடிவம் பல்கோணம் எனப்படும். எந்தப் பல்கோணத்திற்கும் விதி ஒன்றே: எல்லாப் பக்கங்களின் நீளங்களையும் கூட்டினால் சுற்றளவு கிடைக்கும். பாடநூல்களில் தனித்தனியே தரப்படும் வாய்பாடுகள் இக்கூட்டலின் சுருக்கங்களே.

முக்கோணத்தின் சுற்றளவு = மூன்று பக்கங்களின் கூடுதல்
சதுரத்தின் சுற்றளவு = 4 × பக்கம்
செவ்வகத்தின் சுற்றளவு = 2 × (நீளம் + அகலம்)
இணைகரத்தின் சுற்றளவு = 2 × (அடுத்துள்ள இரு பக்கங்களின் கூடுதல்)
ஒழுங்குப் பல்கோணத்தின் சுற்றளவு = பக்கங்களின் எண்ணிக்கை × ஒரு பக்கத்தின் நீளம்

இணைகரக் கணக்குகளில் உயரமும் தரப்படுவதுண்டு. அது பரப்பளவுக்கே வேண்டும், சுற்றளவுக்கு வேண்டியதில்லை. சில வேளைகளில் பக்கம் நேரடியாகத் தரப்படாமல் இருக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் 6 செ.மீ., 8 செ.மீ. எனக் கொள்வோம். மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக இருசமமாக வெட்டுவதால், 3, 4 என்னும் அளவுகள் கொண்ட நான்கு செங்கோண முக்கோணங்கள் உண்டாகின்றன. பித்தாகரசு தேற்றத்தின்படி பக்கம் 5 செ.மீ.; சுற்றளவு 20 செ.மீ.

முக்கோணத்தில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. எந்த இரு பக்கங்களின் கூடுதலும் மூன்றாவது பக்கத்தைவிடப் பெரிதாக இருத்தல் வேண்டும். 2, 3, 6 என மூன்று நீளங்களைத் தந்து சுற்றளவு 11 என்று எழுதிவிடலாம். ஆனால் அப்படியொரு முக்கோணத்தை வரைய இயலாது.

வெட்டுதலும் ஒட்டுதலும்

10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள செவ்வகத்தின் சுற்றளவு 36 மீட்டர். அதன் ஒரு மூலையிலிருந்து 3 மீட்டருக்கு 2 மீட்டர் அளவுள்ள துண்டை வெட்டி எடுத்தால் சுற்றளவு எவ்வளவு குறையும்? சற்றும் குறையாது. இழந்த இரு விளிம்புகளுக்கு ஈடாக அதே நீளமுள்ள இரு விளிம்புகள் உட்புறத்தில் தோன்றுகின்றன. பரப்பளவு 80 சதுர மீட்டரிலிருந்து 74 சதுர மீட்டராகக் குறைந்தும் சுற்றளவு அதே 36 மீட்டர்தான். அதே துண்டை மூலையில் வெட்டாமல், 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளமாக ஒரு பக்கத்தின் நடுவில் வெட்டினால், பள்ளத்தின் இரு சுவர்களும் கூடுதலாகச் சேர்ந்து சுற்றளவு 40 மீட்டராக உயரும். நிலம் குறையும்போது வேலி நீளும் என்பது முதலில் கேட்போருக்கு வியப்பாக இருக்கலாம்.

ஒட்டும்போது நிகழ்வது இதற்கு மறுதலை. 5 செ.மீ. பக்கமுள்ள இரு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் பொருத்தினால் சுற்றளவு 40 அன்று, 30 செ.மீ. ஆகும். ஒட்டிய விளிம்பு இரு வடிவங்களின் எல்லையிலிருந்தும் மறைந்துவிடுகிறது. கூட்டு வடிவங்களில் மாணவர்கள் இழக்கும் மதிப்பெண்களில் பெரும்பகுதி இவ்விடத்தில்தான் போகிறது எனலாம். அரைவட்டத்திலும் இதே இடர் உண்டு. 7 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டத்தின் வில் ஏறத்தாழ 22 செ.மீ. ஆனால் எல்லை அங்கே முடிவதில்லை, 14 செ.மீ. விட்டத்தையும் சேர்த்தால்தான் வடிவம் மூடும். எனவே சுற்றளவு 36 செ.மீ. அதே முறையில், வட்டக்கோணப்பகுதியின் சுற்றளவு அதன் வில்லின் நீளத்துடன் இரு ஆரங்களும் சேர்ந்தது.

அரைச்சுற்றளவு

சுற்றளவில் பாதி, அரைச்சுற்றளவு எனப்படும். இதற்கெனத் தனிப்பெயர் எதற்கு என்று தோன்றலாம். முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் மட்டும் தெரிந்தால், உயரத்தை அளக்காமலேயே பரப்பளவைக் காண ஈரோனின் வாய்பாடு உதவுகிறது. அதில் முதன்மையாக நிற்பது அரைச்சுற்றளவே. 13, 14, 15 மீட்டர் பக்கங்கள் கொண்ட மனையின் சுற்றளவு 42, அரைச்சுற்றளவு 21. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 8, 7, 6. இந்நான்கு எண்களின் பெருக்கற்பலன் 7056. அதன் வர்க்கமூலம் 84. எனவே மனையின் பரப்பளவு 84 சதுர மீட்டர். கோணம் அளக்கும் கருவி ஏதுமின்றி நாடாவை மட்டும் கொண்டு நிலம் அளப்போர்க்கு இது பெரிதும் பயன்படும்.

அரைச்சுற்றளவின் மற்றொரு பண்பு இதைவிட அழகானது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் உள்ளிருந்து தொடும் வட்டம் உள்வட்டம் எனப்படும். அரைச்சுற்றளவை உள்வட்டத்தின் ஆரத்தால் பெருக்கினால் பரப்பளவு கிடைக்கும். மேற்கண்ட மனையில் 84ஐ 21ஆல் வகுக்க, உள்வட்டத்தின் ஆரம் 4 மீட்டர் எனப் பெறுகிறோம். உள்வட்ட மையத்தை மூன்று உச்சிகளோடும் இணைத்தால் காரணம் விளங்கும்: அங்கே உண்டாகும் மூன்று சிறு முக்கோணங்களுக்கும் உயரம் ஒன்றே, அதாவது உள்வட்ட ஆரம். உள்வட்டம் வரையத்தக்க எந்தப் பல்கோணத்திற்கும் இவ்விதி பொருந்தும்.

காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ்க் கணித நூல், வட்டத்தின் பரப்பைக் காண அதன் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கும்படி கூறுகிறது. விட்டத்தில் பாதி என்பது ஆரம். ஆகவே இதுவும் அரைச்சுற்றளவை ஆரத்தால் பெருக்குவதே. முக்கோணத்திற்கும் வட்டத்திற்கும் ஒரே விதி பொருந்துவது தற்செயல் அன்று. எண்ணற்ற சிறு பக்கங்கள் கொண்ட பல்கோணமாக வட்டத்தைக் கருதினால், அதன் உள்வட்டம் அவ்வட்டமே.

சுற்றளவும் பரப்பளவும்

100 மீட்டர் வேலிக்கம்பி கையில் உள்ளது எனக் கொள்வோம். 25 மீட்டர் பக்கமுள்ள சதுரமாக வளைத்தால் 625 சதுர மீட்டர் நிலம் அடங்கும். நீளம் 40, அகலம் 10 என்றால் 400 சதுர மீட்டர். நீளம் 49, அகலம் 1 என்றால் 49 சதுர மீட்டர் மட்டுமே. சென்ட் கணக்கில் பார்த்தால், முதலாவது 15 சென்ட்டுக்குச் சற்று மிகுதி. கடைசியானது ஒன்றேகால் சென்ட்டுக்கும் குறைவு. மூன்றையும் சுற்றி நடக்க ஆகும் நேரம் ஒன்றே.

கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாளர் தூசிடிடீசு, சிசிலித் தீவின் பெருமையைக் காட்ட, ஒரு வணிகக் கப்பல் அதைச் சுற்றிவர ஏறத்தாழ எட்டு நாட்கள் ஆகும் என்று குறித்தார். தீவின் பரப்பை அளக்க வேறு எளிய வழி அன்று இல்லை. ஆனால் இவ்வழி எவ்வளவு பிழையானது என்பதை, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலிபியசு ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். மெகலோபொலிசு நகரின் சுற்றளவு 50 இசுடேடியம். இசுபார்ட்டாவின் சுற்றளவு 48 இசுடேடியம். எனினும் இசுபார்ட்டா இரு மடங்கு பெரியது. இதைச் சொன்னால் மக்கள் நம்ப மறுக்கின்றனர் என்றும், பள்ளியில் கற்ற வடிவியலை மறந்ததே அதற்குக் காரணம் என்றும் அவர் வருந்தினார். படைத்தலைவர் ஒருவர் பாசறை அமைக்கவோ நகரை முற்றுகையிடவோ முனையும்போது, இவ்வறியாமை உயிர்களைப் பொறுத்ததாகிவிடும்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்யியலாளர் புரோக்ளசு குறிப்பிடுவது இன்னும் சுவையானது. நிலப் பங்கீட்டின்போது, சிலர் நீண்ட சுற்றளவுள்ள நிலத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, குறைந்த சுற்றளவுள்ள நிலத்தை மாற்றாகப் பெற்றுக்கொண்டார்களாம். உண்மையில் பரப்பளவு மிகுந்தது அதுவே. நிலத்துடன் நேர்மையாளர் என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைத்தது!

ஒரே சுற்றளவுள்ள வடிவங்களில் மிகப் பெரிய பரப்பை அடக்குவது வட்டம். 100 மீட்டர் கம்பியை வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 796 சதுர மீட்டர் கிடைக்கும். கிரேக்கக் கணிதவியலாளர் செனோடோரசு இதைப் பல்கோணங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார். எல்லா வளைகோடுகளையும் உள்ளடக்கிய நிறுவலோ 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருந்தது. யாக்கோப் இசுடைனர் 1838இல் தந்த நிறுவலில் ஓர் இடைவெளி இருந்தது: விடை உண்டு என்று வைத்துக்கொண்டால் அது வட்டமே என்றுதான் அவர் காட்டினார், விடை உண்டு என்பதைக் காட்டவில்லை. பின்னர் வையர்சுட்ராசு அதை நிறைவு செய்தார்.

வட்டம்

ஒரு வட்டத்தைப் பெரிதாக்கினால் அதன் நீளங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் வளர்கின்றன. விட்டம் இரு மடங்கானால் பரிதியும் இரு மடங்காகும். ஆகவே பரிதியை விட்டத்தால் வகுத்துவரும் எண் எல்லா வட்டங்களுக்கும் ஒன்றே. அவ்வெண் பை எனப்படும்.

வட்டத்தின் சுற்றளவு = பை × விட்டம் = 2 × பை × ஆரம்

பையின் மதிப்பைத் தோராயமாகக் காண்பது எளிது. வட்டத்தினுள் ஓர் ஒழுங்கு அறுகோணத்தை வரைந்தால் அதன் பக்கம் ஆரத்திற்குச் சமம். எனவே அதன் சுற்றளவு ஆறு ஆரங்கள், அதாவது மூன்று விட்டங்கள். வட்டத்தைச் சுற்றிச் சதுரம் வரைந்தால் அதன் சுற்றளவு நான்கு விட்டங்கள். பரிதி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீசு, அறுகோணத்தில் தொடங்கிப் பக்கங்களை 12, 24, 48, 96 என இரட்டித்துக்கொண்டே சென்று, பை 223/71ஐ விடப் பெரிது, 22/7ஐ விடச் சிறிது என நிறுவினார். நாம் பள்ளியில் பயன்படுத்தும் 22/7 என்பது இவ்வாறு கிடைத்த மேல் எல்லையே. பையின் உண்மை மதிப்பு அன்று. 1 கி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அது 1.26 மீட்டர் மிகுதியாகக் காட்டும். வேலிக்கு இது பொருட்டன்று. பொறி உறுப்புகளுக்குப் போதாது.

ஆரியபட்டர் கி.பி. 499இல், 20,000 விட்டமுள்ள வட்டத்தின் பரிதி ஏறத்தாழ 62,832 என்றார். இது 3.1416 ஆகும். 'ஏறத்தாழ' என்று அவர் சேர்த்துச் சொன்னது கவனிக்கத்தக்கது. 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராம மாதவர், பல்கோணங்களை விட்டுவிட்டு முடிவிலாத் தொடரால் பையைக் கணிக்கும் வழியைக் கண்டார். 1761இல் இலாம்பர்ட், பை ஒரு விகிதமுறா எண் என நிறுவினார். அதாவது எந்தப் பின்னமும் அதற்குச் சரியாக அமையாது.

சூத்திரத்தில் மறைந்துள்ள ஒரு வியப்பையும் இங்கே குறிப்பிடலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிப் புவியைச் சுற்றி இறுக்கமாக ஒரு கயிறு கட்டப்பட்டுள்ளது எனக் கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ 40,075 கி.மீ. அதனுடன் 1 மீட்டர் மட்டும் சேர்த்து, எங்கும் ஒரே உயரத்தில் நிற்குமாறு தூக்கிப் பிடித்தால், தரைக்கும் கயிற்றுக்கும் இடையே ஒரு பூனை நுழைய முடியுமா? முடியும். இடைவெளி 1 ÷ (2 × பை) மீட்டர், அதாவது ஏறத்தாழ 16 செ.மீ. புவிக்குப் பதில் ஓர் எலுமிச்சம்பழத்தைச் சுற்றிக் கட்டினாலும் விடை இதுவே. ஆரம் எவ்வளவு என்பது கணக்கில் வருவதே இல்லை.

பை 4 ஆகுமா?

1 அலகு விட்டமுள்ள வட்டத்தைச் சுற்றி ஒரு சதுரம் வரைக. சுற்றளவு 4. அதன் நான்கு மூலைகளையும் வட்டத்தைத் தொடும்படி உட்புறமாக மடிக்க. மேலே கண்டபடி, மூலையை வெட்டினால் சுற்றளவு மாறாது, இன்னும் 4. தோன்றிய புதிய மூலைகளையும் மடிக்க. இப்படியே தொடர்ந்தால் படிக்கட்டு போன்ற அவ்வடிவம் வட்டத்தோடு ஒன்றிவிடுவதாகத் தோன்றும். எனில் பரிதி 4 தானா?

இல்லை. படிக்கட்டின் புள்ளிகள் வட்டத்தை நெருங்குகின்றன என்பது உண்மை. ஆனால் அதன் விளிம்புகளின் திசை நெருங்குவதில்லை. எவ்வளவு சிறிய படியாயினும் கிடையாகவும் செங்குத்தாகவுமே செல்கிறது. வட்டமோ சாய்ந்து செல்கிறது. ஆர்க்கிமிடீசின் பல்கோணங்களில் பக்கங்களின் திசையும் வட்டத்தின் தொடுகோட்டுத் திசையை நெருங்குவதால் அங்கே நீளமும் சரியாக வருகிறது.

இது வெறும் புதிர் அன்று. கணினிப் படங்கள் சிறு சதுரப் படவணுக்களால் ஆனவை. படத்தில் உள்ள வட்டத் தட்டு ஒன்றின் எல்லையில் அமைந்த சதுர விளிம்புகளை எண்ணிச் சுற்றளவு காணும் நிரல், எவ்வளவு நுண்ணிய படத்தைக் கொடுத்தாலும் விட்டத்தின் நான்கு மடங்கையே விடையாகத் தரும்; பிழை 27 விழுக்காடு. எல்லையிலுள்ள படவணுக்களின் மையங்களை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இணைத்துச் சென்று, மூலைவிட்டமாக நகரும் அடிக்கு 1.414 எனக் கணக்கிட்டால் பிழை ஏறத்தாழ 5 விழுக்காடாகக் குறையும். மருத்துவப் படத்தில் ஒரு கட்டியின் விளிம்பை அளப்பவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

ஓடுதளம்

பன்னாட்டுப் போட்டிகளுக்குரிய சீர்தர ஓடுதளம் இரு நேர்கோடுகளும் இரு அரைவட்டங்களும் சேர்ந்தது. ஒவ்வொரு நேர்பகுதியும் 84.39 மீட்டர், அரைவட்ட உள்விளிம்பின் ஆரம் 36.50 மீட்டர். உள்விளிம்பின் மேலேயே யாரும் ஓட முடியாது என்பதால், முதல் தடத்தின் நீளம் விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கப்படுகிறது. அதன்படி:

2 × 84.39 + 2 × பை × 36.80 = 168.78 + 231.22 = 400 மீட்டர்

இரண்டாம் தடத்திலிருந்து, உட்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளப்பர். தடத்தின் அகலம் 1.22 மீட்டர் ஆதலால், இரண்டாம் தடத்தின் ஆரம் 37.92 மீட்டர், முதல் தடத்தைவிட 1.12 மீட்டர் மிகுதி. ஒரு சுற்றில் கூடும் தொலைவு 2 × பை × 1.12 = 7.04 மீட்டர். அதன்பின் ஒவ்வொரு தடத்திற்கும் 2 × பை × 1.22 = 7.67 மீட்டர் கூடிக்கொண்டே போகும். எட்டாம் தடத்தில் இது 53 மீட்டரை எட்டும். எல்லோரும் ஒரே கோட்டில் நின்று புறப்பட்டால் எட்டாம் தடத்தவர் 453 மீட்டர் ஓட வேண்டியிருக்கும். 400 மீட்டர் ஓட்டத்தில் வீரர்கள் படிப்படியாக முன்தள்ளி நிறுத்தப்படுவது இதனால்தான். முன்தள்ளும் தொலைவு தடத்தின் அகலத்தை மட்டுமே சார்ந்தது. ஓடுதளத்தின் ஆரத்தையோ நேர்பகுதியின் நீளத்தையோ சார்ந்ததன்று. மேலே கண்ட கயிற்றுக் கணக்கே இது.

நீள்வட்டம்

வட்டத்தைச் சற்று அமுக்கினால் நீள்வட்டம். பரப்பளவுக்கு எளிய வாய்பாடு உண்டு: பை × பேரரை அச்சு × சிற்றரை அச்சு. சுற்றளவுக்கு அத்தகைய வாய்பாடு இல்லை. அது நீள்வட்டத் தொகையீடு எனப்படும் புதுவகைச் சார்புக்கு இட்டுச் செல்கிறது. கோள்கள் நீள்வட்டப் பாதையில் செல்கின்றன எனக் கெப்ளர் 1609இல் அறிவித்த பின்னர், பாதையின் நீளத்தைத் தோராயமாகவேனும் காணும் தேவை எழுந்தது.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன், 1914இல் வெளிவந்த பை பற்றிய தம் கட்டுரையில் நிறுவலின்றி இரு தோராய வாய்பாடுகளைத் தந்தார். அவற்றுள் எளியது பின்வருமாறு. பேரரை அச்சை அ எனவும் சிற்றரை அச்சை ஆ எனவும் கொண்டால்:

சுற்றளவு ≈ பை × [3 × (அ + ஆ) − √((3அ + ஆ) × (அ + 3ஆ))]

அ = 5, ஆ = 3 எனில், அடைப்புக்குள் 24 − √252 = 8.1255, சுற்றளவு 25.527. தொகையீட்டின் வழி கிடைக்கும் மதிப்பும் மூன்று பதின்ம இடங்கள் வரை இதுவே. அரை அச்சுகளின் சராசரியை ஆரமாகக் கொண்டு வட்டம்போலக் கணக்கிட்டால் 25.133 மட்டுமே வரும்.

கடற்கரை

இதுவரை கண்ட வடிவங்களுக்கெல்லாம் சுற்றளவு என ஒரு திட்டமான எண் உண்டு. இயற்கையில் காணும் எல்லைகள் அப்படிப்பட்டவை அல்ல. ஆங்கிலேய அறிவியலாளர் இலூயிசு பிரை ரிச்சர்ட்சன், இசுப்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் இடையிலான எல்லையை ஒரு நாட்டு நூல் 987 கி.மீ. என்றும் மற்றொன்று 1,214 கி.மீ. என்றும் குறிப்பதைக் கவனித்தார். யாரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல் சிறிதாகச் சிறிதாக மேலும் மேலும் வளைவுகள் கணக்கில் சேர்கின்றன; நீளம் கூடிக்கொண்டே போகிறது. அவர் மறைவுக்குப் பின் 1961இல் வெளியான இவ்வாய்வை, 1967இல் பெனுவா மாண்டல்பிராட் பிரித்தானியக் கடற்கரையின் நீளம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் விரிவாக்கினார்.

இதன் கணித வடிவத்தை 1904இலேயே சுவீடன் நாட்டு எல்கே வொன் கோக் அமைத்திருந்தார். சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தின் நடு மூன்றிலொரு பங்கையும் நீக்கி, அங்கே வெளிநோக்கிய சிறு முக்கோணம் ஒன்றை எழுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் சுற்றளவு 4/3 மடங்காகிறது. எனவே முடிவின்றி வளர்கிறது. பரப்பளவோ முதல் முக்கோணத்தின் 8/5 பங்கைத் தாண்டுவதில்லை.

இந்தியாவின் கடற்கரை நீளம் 1970களிலிருந்து 7,516 கி.மீ. எனப் பாடநூல்களில் இடம்பெற்று வந்தது. நுணுக்கமான வரைபடத் தரவுகளைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது, உள்துறை அமைச்சகத்தின் 2023–24ஆம் ஆண்டறிக்கையில் அது 11,098 கி.மீ. ஆனது. தமிழ்நாட்டின் கடற்கரை 906 கி.மீட்டரிலிருந்து 1,068 கி.மீட்டராகவும், ஆந்திரப் பிரதேசத்தினது 973 கி.மீட்டரிலிருந்து 1,053 கி.மீட்டராகவும் உயர்ந்தன. மாநிலங்களுள் குசராத்துக்கு அடுத்த இரண்டாம் இடம் ஆந்திராவிடமிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. பழைய பாடநூலில் படித்தவருக்கும் புதியதில் படிப்பவருக்கும் போட்டித் தேர்வில் இவ்வினாவுக்கு விடை வேறுபடும்.